முட்டி போட ஓர் இடம்

ஹாஸல்ராய்ட்
14 மே 1995

கும்ஃபிங் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைத் தலைவர் குவிரின் அவர்களுக்கு,

இதை உங்கள் தங்கை எழுதவில்லை. ஹாஸல்ராய்ட் படையில் புதிதாகச் சேர்ந்த ஓர் உறுப்பினர் பக்கத்து ஊர்ப் படைத் தலைவருக்கு எழுதுகிறார். ஆகவே கிழித்துப் போடாமல் கடைசிவரை படியுங்கள். உங்கள் கோபம் தங்கைமேல்தானே, உறுப்பினர்மேல் இல்லையே.

ஆமாம், சேர்ந்துவிட்டேன், இந்த முப்பத்து நான்கு வயதில். உங்கள் ஊரைப் போலவே இங்கும் ஆண்கள் விடிவதற்குள் பஸ் ஏறிக் கார் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறார்கள். பகலில் சங்கு ஊதினால் வண்டியை எடுக்க ஊரில் மிச்சமிருப்பது பாதிரியாரும் பூனைகளும்தான். மார்ச்சில் கோழிப்பண்ணை எரிந்தபோது நாங்கள் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு வேடிக்கை பார்த்தோம். அதற்குப் பிறகு மேயர் கூட்டம் போட்டு, "பகல்ல யாரு வீட்ல இருக்கீங்க?" என்று கேட்டார். ரொட்டிக்கடை ஒட்டிலி கையைத் தூக்கினாள். பாலர் பள்ளி ஆசிரியை தூக்கினாள், இரண்டு பண்ணைக்காரிகள் தூக்கினார்கள். என் முடிதிருத்தகம் வண்டிக் கொட்டகைக்கு நேர் எதிரே. நான் எப்படித் தூக்காமல் இருப்பது?

போன சனிக்கிழமை பயிற்சியில் எங்கள் தலைவர் ஸெவரின் பெரிய குழாயை என் கையில் கொடுத்து, "பிடிம்மா, பூச்செடிக்கு ஊத்தற மாதிரிதான்" என்றார். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டார். நான் பறந்துபோய்ச் சேற்றில் உட்கார்ந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் பெனோவும் சிரித்தார், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கேள்வி இதுதான்: விழாமல் பிடிப்பது எப்படி? ஸெவரினிடம் கேட்க எனக்கு மனமில்லை. தெரிந்த வேறு ஆள் நீங்கள் ஒருவர்தான்.

அஃப்ரா


கும்ஃபிங்
21 மே 1995

உறுப்பினர் அஃப்ரா அவர்களுக்கு,

தீயைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்வது என் கடமை. வேறு எதையும் பேச எனக்கு விருப்பமில்லை.

முனையைப் படாரென்று திறக்கக்கூடாது, மெதுவாகத் திருக வேண்டும். குழாயை அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். இடது கால் முன்னால், முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். உடம்பை முன்பக்கம் சாய்த்து நிற்க வேண்டும். பின்னால் நிற்பவர் இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. முதுகுக்கு முட்டுக் கொடுத்தால் போதும்.

உனக்குப் பின்னால் யார் நின்றார்கள்?

யாருமே நிற்கவில்லையென்றால் அது பயிற்சியில்லை, அயோக்கியத்தனம். பெரிய குழாயை மூன்று பேர் பிடிப்போம். எருது மாதிரி இருக்கும் எங்கள் கொல்லனே தனியாகப் பிடித்ததில்லை. அந்த முனை கையை விட்டு நழுவி மண்டையில் அடித்தால் ஆள் பிழைக்கமாட்டான். நீ விழுந்ததில் தப்பில்லை. உன்னைத் தனியாக நிறுத்தியது தப்பு. இதை ஸெவரினிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

குவிரின்


ஹாஸல்ராய்ட்
25 ஜூன் 1995

படைத் தலைவருக்கு,

நடுவில் 'நீ' என்று எழுதிவிட்டீர்கள். திருத்த வேண்டாம், எனக்கும் 'நீங்கள்' போட்டுப் போட்டுக் கை வலிக்கிறது.

நீ சொன்னதாக ஸெவரினிடம் சொல்லவில்லை. ஒட்டிலியைப் பின்னால் நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு மாவு மூட்டை தூக்கித் தூக்கித் தோள் இரும்பாகிவிட்டது. ஆசிரியை மூன்றாவதாக நின்றாள். குழாய் அசையவில்லை. ஸெவரின் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

இப்போது இன்னொன்று. மழை விட்ட இரண்டு நாளில் எல்லோரும் அவசர அவசரமாகப் புல்லை அறுத்துக் களஞ்சியத்தில் அடைத்துவிட்டார்கள். நம் பண்ணையில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா புல்லுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் அடிக்குது" என்று சொல்வாரே, அது என்ன? யாரும் பற்றவைக்காமல் புல் எப்படித் தானாகப் பற்றிக்கொள்ளும்? ஸெவரினைக் கேட்டால், "அதெல்லாம் எரியும்போது பாத்துக்கலாம்" என்கிறார். எரிவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

அஃப்ரா


கும்ஃபிங்
2 ஜூலை 1995

அஃப்ராவுக்கு,

சரியாகக் காயாத புல்லை அழுத்தி அடைத்தால் உள்ளே சூடு கிளம்பும். வெளியே போக வழியில்லாமல் அங்கேயே ஏறிக்கொண்டிருக்கும். ஒரு மாதத்துக்கு மேலும் சாதுவாகக் கிடந்துவிட்டு ஒருநாள் பற்றும். கையை விட்டுப் பார்ப்பதெல்லாம் அப்பா காலத்துப் பழக்கம். இப்போது அதற்கு நீளமான கம்பி இருக்கிறது, நுனியில் வெப்பமானி. உங்கள் ஊரில் இல்லை. எங்கள் கம்பியைப் பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன், திரும்ப வர வேண்டும்.

அறுபது டிகிரிக்கு மேல் போனால் படையைக் கூப்பிட வேண்டும். எழுபதைத் தாண்டினால் புல்லை வெளியே எடுத்தாக வேண்டும். ஆனால் இதை நன்றாக நினைவில் வை: குழாயில் தண்ணீர் வந்து நிற்கும்வரை ஒரு பிடி புல்லைக்கூடத் தொடக்கூடாது. பண்ணைக்காரன் கிளறத்தான் பார்ப்பான், கிளறினால் ஆறிவிடும் என்று நினைப்பான். காற்று உள்ளே போன உடனே குப்பென்று பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு களஞ்சியம் போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பகலில் சங்கு ஊதினால் உங்கள் ஊரில் எத்தனை பேர் வருகிறீர்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

குவிரின்


ஹாஸல்ராய்ட்
9 ஆகஸ்ட் 1995

குவிரின்,

ஐந்து பேர் வருகிறோம். நேற்றும் ஐந்து பேர் வந்தோம்.

பாதிரியார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஸிட்டாவின் தலையில் அப்போதுதான் சுருள் மருந்தைத் தடவியிருந்தேன். சங்கு ஊதியது. "தொடாம உக்காருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். டியோனிஸ் பண்ணை. உன் கம்பியைச் செருகினேன், எழுபதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. டியோனிஸ் கவைக்கோலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"கெளறிக் கொட்டிட்டா ஆறிடும், தள்ளு!"

"தண்ணி வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"முடி வெட்டறவ எனக்குப் புல்லைப் பத்திச் சொல்ல வந்துட்டியா?"

ஒட்டிலி கையைக் கட்டிக்கொண்டு அவருக்கு எதிரே போய் நின்றாள். "அவ சொல்றா இல்ல. நில்லுங்க." அவர் நின்றார். குளத்திலிருந்து தண்ணீர் வர எனக்கு ஒரு யுகம் ஆனது போலிருந்தது. பிறகு எடுக்க ஆரம்பித்தோம். உள்ளே புல் கன்னங்கரேலென்று இருந்தது. காற்றுப் பட்ட இடத்தில் தீ எழும்பிப் பாய்ந்தது. நீ சொன்ன அதே குப். ஆனால் குழாய் காத்திருந்தது, ஒட்டிலி என் முதுகுக்கு முட்டாக நின்றாள். களஞ்சியம் நிற்கிறது, குவிரின். முப்பது மாடுகளும் இருக்கின்றன.

சாயங்கால பஸ்ஸில் வந்திறங்கிய ஆண்கள் களஞ்சியத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஸெவரின் குறை தேடினார், கிடைக்கவில்லை. "யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார். புத்தகத்தில் படித்தேன் என்றேன். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஸிட்டாவை மட்டும்தான் காப்பாற்ற முடியவில்லை. திரும்பி வந்தபோது பாவம், செம்மறியாடாக மாறியிருந்தாள். ஞாயிறு பூசையில் பாதிரியார் நல்ல மேய்ப்பனைப் பற்றிப் பேசப்போகிறார் என்று ஒட்டிலி பந்தயம் கட்டியிருக்கிறாள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தப் புல் எரியப்போகும் சமயத்தில் அவ்வளவு இனிப்பாக மணந்ததே, ஏன்?

அஃப்ரா


கும்ஃபிங்
20 ஆகஸ்ட் 1995

அஃப்ராவுக்கு,

கம்பி வந்து சேர்ந்தது. துடைத்து அனுப்பியிருக்கிறாய், நல்லது.

இத்தனை வருடமாக அந்த மணத்தை மோந்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. உன் கேள்வியைத் தூக்கிக்கொண்டு மாவட்டப் பயிற்சி அதிகாரியிடம் போனேன். புல்லிலும் சர்க்கரை இருக்கிறதாம், அதுதான் வறுபடுகிறதாம். இதைக் கேட்க நான் பஸ்ஸில் டவுனுக்குப் போனேன் என்று தெக்லா சிரிக்கிறாள்.

உன் கடிதங்களை அவளுக்கு நான் காட்டவில்லை, அவளே எடுத்துப் படிக்கிறாள். ஐந்து பேர் போதுமா, படைச் சட்டை பெண்கள் அளவில் கிடைக்கிறதா என்று என்னைக் கேட்கிறாள். என் பெண்டாட்டி எதற்காகச் சட்டை அளவு கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

டியோனிஸ் பண்ணையில் நன்றாகச் செய்தீர்கள்.

குவிரின்


ஹாஸல்ராய்ட்
5 நவம்பர் 1995

குவிரின்,

இன்று தீயைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் படி.

எங்கள் படைக்கு அடுத்த கோடையில் நூற்றிருபத்தைந்து வயதாகிறது, தெரியுமே. விழாவை முன்னின்று நடத்தும் ஞானத்தந்தையாக இருக்கச் சொல்லி உங்கள் படையைத்தான் கேட்கப்போகிறோம். மார்ச்சில் உங்கள் ஊர் விடுதிக்கு வந்து வழக்கப்படி முட்டி போட வேண்டும். நம் பக்கத்துக்காரர்கள் இல்லாத யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள்: தொந்தியும் தொப்பியுமாகப் பெரிய பெரிய ஆண்கள், முக்கோணமாகப் பிளந்த விறகின் கூர் விளிம்பில் முழங்காலை வைத்துக்கொண்டு, "எங்களுக்கு ஞானத்தந்தையா இருங்க" என்று கெஞ்சுவதும், எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பீரைக் குடித்துக்கொண்டு கேலி பேசி, இரண்டு முறை முடியாது என்று சொல்லி மூன்றாம் முறை சரி என்பதும். சின்ன வயதில் ஜன்னல் வழியாக அதைப் பார்த்து நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

ஸெவரின் நேற்று முட்டி போடுகிறவர்கள் பெயரைப் படித்தார். பன்னிரண்டு பேர், அத்தனையும் ஆண்கள். "நாங்க?" என்றேன். "நீங்க கேக் சுட்டுக் கொண்டாங்க. முட்டி போடறது படையோட வேலை" என்றார்.

படையோட வேலையாம்! அப்படியென்றால் நாங்கள் யார்? அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட டியோனிஸ் பண்ணையில் இல்லை. கட்டை வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வலியில் எனக்குப் பங்கு வேண்டும். அங்கே முட்டி போடுகிறவர்கள்தான் படை, மற்றவர்கள் விருந்தாளிகள். நான் கேக்கோடு வந்தால் காலம் பூராவும் விருந்தாளிதான்.

ஞானத்தந்தை நிபந்தனை போட்டால் மறுக்க முடியாது. பெண்களும் முட்டி போட வேண்டும் என்று ஒரு வரி எழுது. உன்னிடம் வேறு எதுவும் நான் கேட்டதில்லை.

அஃப்ரா


கும்ஃபிங்
19 நவம்பர் 1995

அஃப்ரா,

என்னால் முடியாது.

என் ஆட்களை எனக்குத் தெரியும். குடித்துவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள், அதற்குத்தான் அந்த நாளே. ஸெவரினைப் பேசினால் நானும் சேர்ந்து சிரிப்பேன். என் தங்கச்சி விறகுமேல் கிடக்க, இவர்கள் அவளைப் பேச, நான் பெஞ்சில் உட்கார்ந்து பீர் குடிப்பதா? கும்ஃபிங்காரர்கள் பெண்களை முட்டி போடவைத்தார்கள் என்று மாவட்டமே பேசும். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். கேக்கோடு வா. முன்வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன்.

குவிரின்


ஹாஸல்ராய்ட்
3 டிசம்பர் 1995

படைத் தலைவர் அவர்களுக்கு,

'உன் நல்லதுக்குத்தான்.' இந்த வார்த்தையை நான் எங்கே கேட்டேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

எனக்குப் பதினெட்டு வயது. அதே விடுதி, அதே பெஞ்சு. படையில் சேருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன். நீங்கள் என் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினீர்கள். "குழாய் பிடிக்கிற கையா இது? போய்க் கொழுக்கட்டை பிடி." விடுதியே அதிர்ந்து சிரித்தது. வெளியே வந்து, உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றீர்கள். அதற்குப் பிறகு சாவு வீடுகளில் தவிர நாம் பேசிக்கொண்டதில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கொழுக்கட்டை பிடிக்கும்போது ஞாபகம் வருகிறது.

அன்றைக்கு என்னை நிற்க விடவில்லை. இன்றைக்கு முட்டி போடக்கூட விடமாட்டேன் என்கிறீர்கள். கேலிக்குப் பயப்படுவது நான் இல்லை, நீங்கள்.

நான் வரவில்லை, கேக்கும் வராது.

அஃப்ரா


கும்ஃபிங்
14 ஜனவரி 1996

அஃப்ரா,

ஸெவரினுக்கு நிபந்தனை எழுதிவிட்டேன். டியோனிஸ் பண்ணையில் தண்ணீர் அடித்தவர்கள் முதல் வரிசையில் இல்லாவிட்டால் கும்ஃபிங் படை கதவைத் திறக்காது.

முழங்காலில் கம்பளி கிம்பளி கட்டிக்கொண்டு வராதே, என் ஆட்கள் தொட்டுப் பார்ப்பார்கள். கட்டைகளை நானே பிளக்கிறேன். விளிம்பை மழுக்கமாட்டேன், உனக்காகக்கூட.

குவிரின்


ஹாஸல்ராய்ட்
18 மார்ச் 1996

அண்ணா,

என் இரண்டு முழங்காலிலும் நீலமும் பச்சையுமாகக் கோடு விழுந்திருக்கிறது. பெனோவிடம் காட்டினேன், ஸிட்டாவிடம் காட்டினேன், கேட்காதவர்களிடமும் பாவாடையைத் தூக்கிக் காட்டுகிறேன். ஒட்டிலி எனக்கு மேல், கடைக்கு ரொட்டி வாங்க வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டுகிறாள்.

உன் ஆட்கள் பேசியது ஒன்றும் வலிக்கவில்லை. "முடி வெட்டத் தெரியும், தீ அணைக்கத் தெரியுமா?" என்று அந்தக் கொல்லன் கேட்டபோது, "வா, உன் தாடியில பத்தவச்சு அணைச்சுக் காட்டறேன்" என்றேனே, அவனே முதலில் சிரித்தான். நீ இரண்டு முறை முடியாது என்றாய். அது வழக்கம் என்று தெரிந்தும் இரண்டாம் முறை நான் நம்பிவிட்டேன். மூன்றாம் முறை சரி என்றாய். அதோடு எழுந்து பீப்பாயைத் திறப்பதுதானே முறை?

நீ, "இன்னொரு கட்டை கொண்டா" என்றாய். எனக்கு ஒன்று போதவில்லை போலிருக்கிறது, இரண்டாவது வரப்போகிறது என்று நினைத்தேன். நீ பெஞ்சை விட்டு இறங்கி என் எதிரே முட்டி போட்டாய். ஞானத்தந்தை முட்டி போட்டதாக எந்த ஊரிலாவது கேள்விப்பட்டிருக்கிறோமா? ஸெவரின் திறந்த வாயை மூடவே இல்லை.

"எங்க ஊர்லயும் பகல்ல ஆளில்ல, அஃப்ரா. தெக்லாவும் இன்னும் மூணு பேரும் சேரணும்னு நிக்கறாங்க. நீ வந்து சொல்லிக் குடு."

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீ சொல்லிக் குடேன்" என்று நான் கேட்டதற்கு, "'உங்கிட்ட கத்துக்கறதுக்குப் பதிலா வீடே எரியட்டும்'னு தெக்லா சொல்றா" என்றாய். அந்தச் சிரிப்பில் விடுதியின் ஜன்னல் உடையாமல் தப்பித்தது ஆச்சரியம்தான்.

நானும் இரண்டு முறை முடியாது என்றேன். வழக்கத்தை விடக்கூடாது பார்.

சனிக்கிழமை வருகிறேன். ஆனால் ஏன் அங்கே, எல்லோர் முன்னாலும்? கடிதத்தில் கேட்டிருந்தாலும் வந்திருப்பேனே. நேற்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அஃப்ரா


கும்ஃபிங்
11 ஜூன் 1996

அஃப்ரா,

ஏன் என்று கேட்டிருந்தாய். மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை, நீ சனிக்கிழமை தோறும் வந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. சபையில் பேசியதைச் சபையில்தான் திருப்ப முடியும். தபாலில் திருப்பியிருந்தால் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அந்தக் கட்டை என் முழங்காலை ஒரு வழி பண்ணிவிட்டது. மருத்துவர் போன வாரம் கீறித் தைத்து, ஒரு மாதம் வீட்டில் கிட என்றுவிட்டார். அதனால்தான் இந்தப் பகல் வேளையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதக் காரணம் வேறு.

சற்று முன் சங்கு ஊதியது. நான் எழுந்தேன், ஊன்றுகோல் வழுக்கியது. தெக்லா அதற்குள் கதவுக்கு வெளியே போய்விட்டாள். "எங்க? என்ன எரியுது?" என்று கத்தினேன். "வந்து சொல்றேன்!" என்றாள். ஜன்னல் வழியாக வண்டி போவதைப் பார்த்தேன். ஓட்டியது தபால்காரி, பக்கத்தில் தெக்லா. ஹெல்மெட் அவளுக்குக் கொஞ்சம் பெரிது.

இத்தனை வருடத்தில் சங்கு ஊதி நான் வீட்டில் இருந்ததே இல்லை. போகிறவனுக்கு யோசிக்க நேரமில்லை, கை அதுபாட்டுக்கு வேலை செய்யும். இங்கே கைக்கு வேலை இல்லை. மரம் அறுக்கும் பட்டறைப் பக்கம் புகை தெரிந்தது. முதலில் வெள்ளை, பிறகு கருப்பு. கருப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? நான்கு பேரில் யார் யார் போனார்கள்? ரேடியோவைப் போட்டேன், அணைத்தேன். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அப்போதுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன், வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அஃப்ரா.

வண்டிச் சத்தம் கேட்கிறது. பிறகு எழுதுகிறேன்.

வந்துவிட்டாள். முகமெல்லாம் கரி, கையில் ஒரு சின்னக் கீறல், வேறொன்றும் இல்லை. பட்டறையில் மரத்தூள் குவியல் எரிந்ததாம், அணைத்தாகிவிட்டதாம். அவள் ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு, "பசி உயிர் போகுது. சாப்பிட என்ன இருக்கு?" என்றாள்.

ஒன்றும் இல்லை. அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. வெறும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். இப்போது எதிரே தூங்கிக்கொண்டிருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எத்தனை தீக்குப் போயிருப்பேன்! விடியற்காலையில் திரும்பியிருக்கிறேன், மறுநாள் மத்தியானம் திரும்பியிருக்கிறேன், எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தடவைகூடத் தவறாமல் மேசையில் சூப் வைத்திருப்பாள், ஆவி பறக்க. அது தானாகவே சூடாக இருக்கும் என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. அவளை எழுப்பிக் கேட்க வெட்கமாக இருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கும், நீ சொல். நான் எப்போது வருவேன் என்று தெரியாமல், அந்த சூப் எப்படி ஒவ்வொரு முறையும் சூடாகவே இருந்தது?

குவிரின்